கிளிப்பிள்ளை பாலி: ஆட்டத்துக்கு அவர் தந்ததும், ஆட்டம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும்

2020 பிப்ரவரி கடைசியில் ஆஸ்திரேலியச் செய்திகளில் ஒரு மருத்துவ முடிவு வெளியானது. ஆறு மாதங்களுக்கு முன் பெர்த்தில் 84 வயதில் இறந்துபோன கிரஹாம் ஃபார்மரின் மூளையை சிட்னியில் ஆராய்ந்து முடித்திருந்தார்கள். அதில் சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், தலை திரும்பத் திரும்பக் குலுங்குவதால் வரும் மூளை நோய் இருந்தது. நான்கு நிலைகள் கொண்ட அந்த நோயில் அவருடையது மூன்றாம் நிலை. ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலின் உச்ச மட்டத்தில் ஆடிய ஒருவருக்கு இந்த நோய் இருந்ததை மருத்துவம் உறுதிசெய்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு 'பாலி' ஃபார்மர் யாரென்று அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இன்று அது ஆடப்படும் விதத்துக்கே அவருடைய கை ஒரு காரணம். அதனால்தான் அந்தச் செய்தி அவ்வளவு பேரை உலுக்கியது. அவருடைய வாழ்க்கையை ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு இங்கே மூன்று விஷயங்களைப் பார்க்க நினைக்கிறேன். ஒரு கால் சற்றுக் குட்டையான பையன் எப்படி ஒரு ஆட்டத்தையே திருப்பிப் போட்டார்? அந்த ஆட்டம் அவர் உடம்பை என்ன செய்தது? அது தெரியவந்த பிறகு என்ன நடந்தது? மூன்றையும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். சாதனை ஒரு பக்கம், நோய் இன்னொரு பக்கம் என்று வைத்துவிடுவார்கள். எனக்கு அவை ஒரே கயிற்றின் இழைகளாகத் தெரிகின்றன.

குவீன்ஸ் பார்க் விடுதி

ஃபார்மர் 1935 மார்ச் 10 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தார். அந்த மாநிலத்தின் தென்மேற்கு மண்ணுக்கு உரியவர்களான நூங்கர் மக்களைச் சேர்ந்தவர் அவருடைய தாய். இரண்டு வயது நிரம்புவதற்குள் பெர்த்தின் குவீன்ஸ் பார்க் பகுதியில் இருந்த 'சிஸ்டர் கேட்ஸ்' என்ற குழந்தைகள் விடுதிக்கு வந்து சேர்ந்தார்.

அந்த விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட் கிளட்டர்பக் என்ற ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரி 1933இல் அதைத் தொடங்கினார். பழங்குடி மக்களின் வாழ்க்கையைச் சட்டப்படி தன் கையில் வைத்திருந்த அதிகாரி ஏ. ஓ. நெவில் அதற்கு ஆதரவு கொடுத்தார். தோல் நிறம் வெளுப்பாக இருந்த பழங்குடிப் பிள்ளைகளாகப் பார்த்து அங்கே சேர்த்தார்கள். அவர்களை வெள்ளைக்காரப் பிள்ளைகள்போல வளர்த்து, வெள்ளைச் சமூகத்தில் கரைத்துவிட வேண்டும் என்பது அரசின் எண்ணம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஓடி விளையாட இடமும் இருந்தது. அம்மா யார், ஊர் எது, தன்னுடைய பாஷை எது என்பதெல்லாம் அறுந்துபோயின. இப்படிப் பிரிக்கப்பட்டவர்களைத்தான் பின்னாளில் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று ஆஸ்திரேலியா சொல்லத் தொடங்கியது. 1997இல் வந்த தேசிய விசாரணை அறிக்கைக்குப் பிறகுதான் நாடு அதை முழுதாகக் காது கொடுத்துக் கேட்டது.

அந்தக் காலத்து பெர்த்தைப் பற்றி இன்னொரு விஷயமும் நினைவில் இருக்க வேண்டும். 1927 முதல் 1954 வரை நகரத்தின் மையப் பகுதி பழங்குடியினருக்குத் தடைசெய்யப்பட்ட இடம். உள்ளே வர வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். ஃபார்மர் ஈஸ்ட் பெர்த் அணிக்காக முதல் ஆட்டம் ஆடியது 1953இல். அவர் பேர் சொல்லி ஜனங்கள் ஆர்ப்பரிக்கத் தொடங்கிய நாட்களிலும் அந்தத் தடை நடப்பில் இருந்தது.

சின்ன வயதில் அவருக்குப் போலியோ வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டையாக நின்றுவிட்டது. 'பாலி' என்ற பேர் வந்ததும் விடுதியில்தான். ஆங்கிலத்தில் வீட்டுக் கிளிக்கு வைக்கிற பேர் அது. ஓயாமல் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பையனுக்கு யாரோ அதை வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் கிளிப்பிள்ளை என்று கூப்பிட்டிருப்போம். வளர்ந்த பிறகு பேச்சு குறைந்தது, பேர் மட்டும் சாகும்வரை கூடவே வந்தது.

கையால் மாற்றிய ஆட்டம்

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பெரிய நீள்வட்ட மைதானம், பல ஊர்களில் கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே மைதானம்தான். பக்கத்துக்கு 18 பேர். மட்டை உரிக்காத தேங்காய் போல இரண்டு முனையும் கூம்பிய பந்து. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. காலால் உதைக்கலாம், இல்லையென்றால் ஒரு உள்ளங்கையில் பந்தை வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். வாலிபாலில் கீழ்க்கையாக சர்வீஸ் போடுவது போல இருக்கும். அதற்குத்தான் ஹேண்ட்பால் என்று பேர்.

அப்புறம் ரக்மேன். அணியிலேயே நெட்டையான ஆள். அந்தக் காலத்தில் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார். இரண்டு பக்கத்து ரக்மேன்களும் ஓடி வந்து எம்பி, காற்றிலேயே மோதிக்கொண்டு, பந்தைத் தன் ஆள் பக்கம் தட்டிவிடுவார்கள். கீழே சிறிய உருவமும் வேகமான காலும் கொண்ட ரோவர் அதை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஃபார்மர் ரக்மேன். உயரம் 191 சென்டிமீட்டர்.

அதுவரை ரக்மேனின் வேலை பெரும்பாலும் பலத்தால் நடந்தது. தோள் கொடுத்து எதிராளியை நகர்த்திவிட்டு, பந்தை முன்னால் அடித்துத் தள்ளுவார்கள். ஃபார்மர் எதிராளியைவிட ஒரு கணம் முன்னாலேயே எம்பினார். முழங்காலை எதிராளியின் உடம்பில் ஊன்றி இன்னும் மேலே போனார். எதிராளி கிளம்பும்போது இவர் மேலே இருப்பார். மேலே இருப்பதால் அவசரம் இல்லை. பந்தை எங்கே யாருக்கு என்று பார்த்து வைக்க நேரம் கிடைத்தது. சில சமயம் தட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கால் தரையைத் தொடும் முன்பே முஷ்டியால் குத்தி அனுப்பிவிடுவார்.

ஹேண்ட்பால் அவர் கண்டுபிடித்ததில்லை. ஆட்டம் பிறந்த காலத்திலிருந்தே இருந்தது. ஆனால் அதற்கு மரியாதை இல்லை. நாலு பேர் சூழ்ந்து மடக்கும்போது வேறு வழியில்லாமல் பந்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவது, அவ்வளவுதான். பந்து கையில் வந்தால் தூர உதைக்க வேண்டும் என்பதே பாடம். ஃபார்மர் அந்தக் கடைசி வழியை முதல் வழியாக்கினார். இருபது, முப்பது மீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆளின் கைக்கு, அவன் வேகம் குறையாதபடி, அவன் முன்னால் போய்ச் சேரும்படி முஷ்டியால் அனுப்பினார். அவர் உதைக்காமலேயே அணி முன்னேறிவிடும்.

அந்தக் கை தானாக வந்ததில்லை. அவர் கார் தொழிலில் இருந்தவர். நிறுத்திவைத்த காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, தள்ளி நின்று, அந்தத் திறப்பு வழியாகப் பந்தைக் குத்தி அனுப்பிப் பழகுவார் என்பது ஃபுட்பால் உலகத்தில் எல்லாரும் சொல்லும் கதை. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தாலும் பந்து உள்ளே போய் சீட்டில் விழ வேண்டும். நூறு தடவை, இருநூறு தடவை. இன்றைக்கு ஒரு பயிற்சியாளர் அதற்குக் குறி வைத்த வலையும் கேமராவும் கொண்டுவருவார். அவருக்கு ஒரு காரின் கதவு போதுமாக இருந்தது.

ஏன் கையை நம்பினார் என்று கேட்டால், குட்டைக் காலைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். இது என் ஊகம். அவர் அப்படிச் சொன்னதாக நான் படித்ததில்லை. ஆனால் ஓட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக முடியாத ஒரு பையன், தான் ஓடுவதற்குப் பதிலாகப் பந்தை ஓடவைக்கப் பார்ப்பது இயல்புதானே. அவருடைய ஆட்டம் முழுவதிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. முன்னாலேயே எம்பு, முன்னாலேயே பார், ஓடுகிறவனிடம் கொடுத்துவிடு.

பெர்த்திலிருந்து ஜீலாங்

ஈஸ்ட் பெர்த்தில் 1953 முதல் 1961 வரை 176 ஆட்டங்கள். 1956, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோப்பை. அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஏழு முறை. லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான சாண்டோவர் பதக்கம் 1956இலும் 1960இலும். 1957இலும் அவர் முதலிடத்தைப் பகிர்ந்திருந்தார். அன்றைய விதிப்படி சமன் வந்தால் நடுவர்கள் தந்த முதலிட வாக்குகளை எண்ணி ஒருவருக்கு மட்டும் கொடுப்பார்கள், அதில் ஈஸ்ட் ஃப்ரீமேன்டிலின் ஜேக் கிளார்க்கிடம் பதக்கம் போயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அந்த ஆண்டுக்கான பதக்கத்தை ஃபார்மருக்கும் கொடுத்தார்கள்.

அன்றைக்கு உச்சம் என்றால் விக்டோரியா. அங்கிருந்த வி.எஃப்.எல். என்ற லீக்தான் பின்னாளில் நாடு தழுவிய ஏ.எஃப்.எல். ஆனது. பெர்த்தில் எவ்வளவு சாதித்தாலும் மெல்பர்ன் பக்கம் வந்து நிரூபிக்கும்வரை அரை மனதோடுதான் ஏற்பார்கள். 1962இல் ஜீலாங் அணிக்கு வந்தார். கார்ல்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் போயிற்று. அந்த ஆண்டு முழுவதும் அவரால் ஆட முடிந்தது ஆறே ஆட்டங்கள். வயது 27. எம்பி எம்பியே பிழைக்கிற ஆளுக்கு முழங்கால் போவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஃபார்மர் இனி வரமாட்டார் என்று சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டே வந்தார். 1963 இறுதி ஆட்டத்தில் ஜீலாங் 109, ஹாதார்ன் 60. கோப்பை ஜீலாங்குக்கு. பயிற்சியாளர் பாப் டேவிஸ். நாட்டின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தில் அந்த ஆண்டு பாப் ஸ்கில்டனுக்கு அடுத்த இடம். 1963, 1964 இரண்டிலும் ஜீலாங்கின் சிறந்த ஆட்டக்காரர். அவருக்கும் ரோவர் பில்லி காகினுக்கும் இருந்த புரிதலைப் பற்றி இன்றும் ஜீலாங்கில் பேசுகிறார்கள். ஃபார்மர் எம்பும்போதே காகின் ஓடத் தொடங்கிவிடுவார், பந்து அவர் போகும் இடத்துக்கு வந்துசேரும். 1965 முதல் மூன்று ஆண்டுகள் அணித்தலைவர். 1967 இறுதி ஆட்டத்தில் ரிச்மண்டிடம் ஒன்பது புள்ளியில் தோற்றார்கள். ஜீலாங் சட்டையில் அது அவருடைய 101ஆவது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுதான்.

பிறகு பெர்த்துக்குத் திரும்பினார். வெஸ்ட் பெர்த்தில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து, 1969இலும் 1971இலும் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்ந்தார். மூன்று கிளப்புகளிலும் சேர்த்து 356 ஆட்டங்கள், இரண்டு மாநிலங்களுக்காக ஆடியவை தனி. 1971இல் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச கௌரவம். 1973 முதல் 1975 வரை ஜீலாங்கின் பயிற்சியாளர். வி.எஃப்.எல். அணி ஒன்றுக்குப் பயிற்சியாளரான முதல் பழங்குடி இனத்தவர் அவர்தான். அணி சரியாக ஆடவில்லை, அந்தப் பகுதியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஆனால் 1977 அக்டோபர் 8 அன்று பெர்த்தின் சுபியாகோ மைதானத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர்கள் எங்கே வேலைக்குப் போயிருந்தாலும் பிறந்து வளர்ந்த மாநிலத்துக்காக ஆட வேண்டும் என்ற புது ஏற்பாட்டில் நடந்த முதல் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' ஆட்டம் அது. மேற்கு ஆஸ்திரேலியா 94 புள்ளி வித்தியாசத்தில் விக்டோரியாவைத் தோற்கடித்தது. பயிற்சியாளர் ஃபார்மர். நல்ல பிள்ளைகளையெல்லாம் ஆண்டுக்காண்டு விக்டோரியாவுக்குப் பறிகொடுத்த ஊர் அது. அந்த மாலை அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்!

ஹேண்ட்பாலின் கதை அவர் இல்லாமலும் தொடர்ந்தது. 1970 மெல்பர்ன் இறுதி ஆட்டம், 1,21,696 பேர் பார்த்தது. பாதி ஆட்டத்தில் காலிங்வுட்டிடம் 44 புள்ளி பின்தங்கியிருந்த கார்ல்டன் ஆட்டக்காரர்களிடம் பயிற்சியாளர் ரான் பராசி, பந்தைக் கையால் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கார்ல்டன் பத்துப் புள்ளியில் வென்றது. நவீன ஆட்டம் அன்றுதான் பிறந்தது என்று எழுதுவார்கள். அது அரைகுறைக் கணக்கு. லென் ஸ்மித் போன்ற பயிற்சியாளர்கள் அதற்கு முன்பே ஓட்டத்தையும் ஹேண்ட்பாலையும் வலியுறுத்தியிருந்தார்கள். கையால் கொடுப்பது ஒரு தாக்குதல் ஆயுதம் என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணெதிரே காட்டியவர் ஃபார்மர். பெருமை பராசிக்கும் உண்டு, ஆனால் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

1996இல் ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே 'லெஜண்ட்' என்று வைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட, நூற்றாண்டின் சிறந்த அணியில் ரக்மேன் இடம் அவருக்கு. அவருடைய பெரும் எதிராளியான கார்ல்டனின் ஜான் நிக்கல்ஸும் ரக்மேன்தான், அவருக்குத் தடுப்பில் ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். 2005இல் பழங்குடி ஆட்டக்காரர்களின் நூற்றாண்டு அணி அறிவிக்கப்பட்டபோது அதன் தலைவர் ஃபார்மர்.

மறதி

கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. அல்சைமர் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மூன்று சாண்டோவர் பதக்கம் வாங்கியவர், முப்பது மீட்டருக்கு அப்பால் ஓடுகிறவன் அடுத்த நொடி எங்கே இருப்பான் என்று மனதில் கணக்குப் போட்டவர். அந்த மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைக் குடும்பம் பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தது. வீட்டில் மறதி நோய்க்காரர் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

2019 ஆகஸ்ட் 14 அன்று ஃபார்மர் இறந்தார். அவருடைய மூளை சிட்னி ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் உள்ள ஆஸ்திரேலிய ஸ்போர்ட்ஸ் பிரெயின் பேங்குக்குக் கொடுக்கப்பட்டது. விளையாட்டு வீரர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராய்வதற்காக 2018இல் தொடங்கப்பட்ட இடம் அது. நரம்பு நோய்க்கூறு நிபுணர் மைக்கேல் பக்லண்ட் அதன் பொறுப்பாளர்.

இந்த நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப்பேர் க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதி. நரம்பணுவுக்குள் மெல்லிய குழாய்கள் உண்டு. அணுவுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் போய்வரும். டௌ என்ற புரதம் அந்தக் குழாய்களை நிலையாகப் பிடித்து வைத்திருக்கிறது. தலை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் குலுங்கும்போது இந்தப் புரதம் பிடி விட்டு, உருக்குலைந்து, கட்டி கட்டியாகத் திரள்கிறது. மூளையின் மடிப்புகளுக்கு அடி ஆழத்தில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி அது படிவதுதான் இந்த நோயின் அடையாளம். வயதானவர்களுக்கு வரும் அல்சைமரில் டௌ திரளும் இடமும் பாங்கும் வேறு. மூளையைச் சீவலாக அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதாவது ஆள் உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல வழி இல்லை.

குத்துச்சண்டை வீரர்களிடம் இப்படி ஒரு கோளாறு இருப்பதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதினார். அமெரிக்க ஃபுட்பால் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் இது இருந்ததை பெனட் ஓமலு கண்டு 2005இல் வெளியிட்ட பிறகு அங்கே பெரும் சண்டை மூண்டது. ஆஸ்திரேலியாவில் அப்போது பலர் சொன்னது: அது ஹெல்மெட் போட்டுக்கொண்டு தலையாலேயே முட்டுகிற ஆட்டம், நம்முடையது வேறு. ஃபார்மரின் மூளை அந்தப் பேச்சை நிறுத்தியது.

இங்கேதான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஒரு மூளை ஒரு சாட்சி மட்டுமே. அவர் ஆடியது 19 பருவங்கள். அவருடைய வேலையே ஒவ்வொரு தடவையும் ஒரு முழு உடம்போடு காற்றில் மோதுவது. தலையில் எத்தனை அடி விழுந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை, அந்தக் காலத்தில் எண்ண வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. தலை சுற்றிக் கலங்கினால் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுத் திரும்பவும் ஆடச் சொல்வார்கள். ஆகவே எத்தனை மோதலுக்கு இந்த நோய் வரும், ஒரே மாதிரி ஆடிய இருவரில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராதது ஏன் என்றெல்லாம் அவர் மூளையை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்த ஆட்டத்திலும் இது வரும் என்பதை மட்டும் சொல்ல முடியும். எனக்கு அதுவே போதுமான செய்தி.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள்

ஃபார்மரின் மூளை ஆய்வு முடிவு வந்த அதே 2020 செப்டம்பரில் அடுத்தது. செயின்ட் கில்டாவின் முன்னாள் தலைவர் டேனி ஃப்ராலி 2019 செப்டம்பரில் கார் விபத்தில் 56 வயதில் இறந்திருந்தார். அவருக்கு இரண்டாம் நிலை. 2021 ஜனவரியில் ரிச்மண்டின் ஷேன் டக். 2020இல் 38 வயதில் இறந்தவர், அவருடைய மூளையில் இருந்தது கடுமையான நிலை. 2023இல் ஹெதர் ஆண்டர்சன். அடிலெய்டு பெண்கள் அணியில் ஆடி 2017இல் கோப்பை வென்றவர். 28 வயதில் இறந்த அவர்தான் உலகத்திலேயே இந்த நோய் உறுதிசெய்யப்பட்ட முதல் தொழில்முறை விளையாட்டு வீராங்கனை.

வரிசையைக் கவனித்தால் மனசு பதறுகிறது. 84, 56, 38, 28. ஃபார்மரின் நோயை மூப்பு என்று சொல்லித் தள்ளிவிடலாம் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். அடுத்தடுத்த பேர்கள் அந்த வாசலையும் சாத்தின. அந்த மூளை வங்கி தன் முதல் மூன்று ஆண்டுகளின் கணக்கை 2022இல் வெளியிட்டது. ஆராய்ந்த 21 மூளைகளில் 12இல் இந்த நோய் இருந்தது. பாதிக்கு மேல் என்று பயந்துவிடவும் கூடாது. வாழ்ந்த காலத்தில் ஏதோ கோளாறு தெரிந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் கொடுக்க முன்வருகின்றன. ஆடியவர்களில் எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு அந்த எண் பதிலாகாது.

மாற்றங்கள் வந்தன. 2021 முதல், தலையில் அடிபட்டுக் கலங்கிய ஆட்டக்காரர் குறைந்தது 12 நாட்கள் கழித்தே திரும்ப ஆடலாம் என்று ஏ.எஃப்.எல். விதி வைத்தது. அடிபட்டவருக்குப் பதிலாக ஓர் ஆளை இறக்கவும் அந்த ஆண்டுதான் அனுமதித்தார்கள். தலையில் படும்படி மோதுகிறவருக்குத் தண்டனை கூடியது. 2023இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு ஏ.எஃப்.எல். மீது கூட்டு வழக்கு தொடுத்தார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலிய செனட், தலைக்காயங்கள் பற்றி விசாரித்து அறிக்கை கொடுத்தது. இதையெல்லாம் ஃபார்மர் ஒருவர் கணக்கில் எழுதுவது சரியாகாது. அமெரிக்க வழக்குகளின் அழுத்தம் இருந்தது, ஃப்ராலி, டக் குடும்பங்களின் துணிச்சல் இருந்தது. ஆனால் முதலில் பேர் சொல்ல ஒப்புக்கொண்டது ஃபார்மரின் குடும்பம். நாட்டின் மிகப் பெரிய ரக்மேன் என்று கொண்டாடப்படும் மனிதரின் வாழ்க்கைக்குக் கடைசி வரியாக இப்படி ஒரு நோயின் பேரை எழுத விடுவது சின்ன விஷயம் இல்லை. மௌனமாக இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சில நாட்களாக ஒரு விஷயத்தையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பெரிய ஆட்டக்காரர் ஆக்கியது முன்னாலேயே எம்பி உடம்போடு உடம்பு மோதிய அந்த ஒரு கணம். அவர் மூளையில் நோயை விதைத்ததிலும் அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கணங்களுக்குப் பங்கு இருந்திருக்கும். அதே ஆட்டத்துக்கு அவர் கொடுத்த ஹேண்ட்பாலோ, மோதாமலேயே பந்தை நகர்த்தும் வழி. அணைத்துப் பிடிக்க ஆள் வந்து சேருவதற்குள் கொடுத்துவிடுவது. பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பெற்றோர் கவலைப்படும் இந்தக் காலத்தில், அவர் ஆட்டத்தின் எந்தப் பாதியைக் கையில் எடுப்பது என்பது பயிற்சியாளர்கள் கையில் இருக்கிறது.

பள்ளியும் சுரங்கமும்

அவர் பேரில் இன்னொரு வேலையும் நடக்கிறது. அது மைதானத்துக்கு வெளியே இருப்பதால் குறைவாகப் பேசப்படுகிறது. 1990களின் நடுவில் அவர் பேரில் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் அமைப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அது முழுக்கப் படிப்புக்கானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, இரும்புத்தாது வெட்டும் பில்பரா பகுதியில் தொடங்கி, பழங்குடிப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் வந்து உட்கார்ந்து படிக்க இடமும், சொல்லிக்கொடுக்க ஆளும் ஏற்பாடு செய்தது. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டும், வேலைக்கோ மேற்படிப்போ போக வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே, தங்கள் ஜனங்களோடு இருந்துகொண்டே படிக்கிறார்கள். குவீன்ஸ் பார்க் விடுதியில் வளர்ந்தவரின் பேரில் நடக்கும் ஒரு வேலை இப்படி அமைந்திருப்பது என்னை மிகவும் தொட்டது.

பெர்த் நகர மையத்தை ஒட்டி, நார்த்பிரிட்ஜுக்கு அடியில் 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கச் சாலை இருக்கிறது. 2000இல் திறந்த கிரஹாம் ஃபார்மர் ஃப்ரீவேயின் ஒரு பகுதி அது. ஊர்க்காரர்கள் அதை 'பாலி பைப்' என்று சொல்கிறார்கள். வானொலியில் காலைப் போக்குவரத்துச் செய்தியில் அந்தப் பேர் வருகிறது. அவருடைய அம்மாவின் ஜனங்கள் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது என்று இருந்த நகரத்துக்குள், எந்தச் சீட்டும் காட்டாமல், நாள் முழுவதும் கார்கள் அவர் பேர் எழுதிய பலகையைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன.